நெட்டச்சிக்கு எந்த நிறம்

ஐந்து கோழிகளில் நாலு பெட்டை என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் இரண்டாம் பேச்சு இல்லை. ரகளையெல்லாம் ஐந்தாவதைப் பற்றித்தான். அது பெட்டையா, சேவலா? இதென்ன பிரமாதக் கேள்வி, தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள், கேளுங்கள். கோழியே வளர்த்திராத மூன்று பேருக்கு நடுவில் அதை நிறுத்தி உங்களையும் கேட்டிருந்தால் நீங்களும் திருதிருவென்று முழித்திருப்பீர்கள்.

வீட்டின் முன்னறை ஒரு பியூட்டி பார்லர். சுவர் முழுக்கக் கண்ணாடி, சுழலும் நாற்காலி இரண்டு, தலை கழுவ ஒரு தொட்டி, எந்நேரமும் ஓடும் ஹேர் டிரையர். அதை நடத்துகிறவளைத் தெருவில் எல்லோரும் பார்லர்க்காரி என்பார்கள். ஆள் நல்ல உயரம். குரல் அதைவிடக் கனம். போனை எடுத்து ஹலோ என்றால், புதிதாகப் பேசுகிறவர்கள் "சார், மேடம் இருக்காங்களா?" என்று கேட்பார்கள். இருபது வருஷமாகக் கேட்கிறார்கள். அவளும் "இருங்க, கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு நிமிஷம் கழித்து அதே குரலில் மறுபடி ஹலோ சொல்வாள்.

அவள் புருஷன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற டிரைவர். புருஷனுடைய அக்கா, அதாவது நாத்தனார், அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், மாடியறையில் இருக்கிறாள். இந்த மூன்று பேரும், கொல்லைப்புறத்தில் ஐந்து கோழிகளும். குடும்பம் அவ்வளவுதான்.

கோழிகள் வந்தது ஒரு வாடிக்கைக்காரியிடமிருந்து. செருப்பு டப்பாவில் ஐந்து குஞ்சுகளைப் போட்டுக் கொண்டுவந்து, எல்லாமே பெட்டைதான் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் ஒன்று வழியிலேயே துவண்டு, கழுத்து தொங்கிப்போய்க் கிடந்தது. இது தேறாது என்றான் டிரைவர். பார்லர்க்காரி அதை ஒரு துண்டில் சுற்றி, ஹேர் டிரையரை இளஞ்சூட்டில் வைத்து, ஒரு மணி நேரம் நின்றபடி அதன் மேல் காற்றுப் பிடித்தாள். இடையில் வந்த வாடிக்கைக்காரியை உட்காரச் சொல்லிவிட்டு, இதுக்கு முடிஞ்சதும் உங்களுக்கு என்றாளாம். குஞ்சு கண் திறந்தது. திறந்தது மட்டுமா, மற்ற நாலையும் தள்ளிவிட்டுத் தீனி தின்ன ஆரம்பித்தது. இரண்டே மாதத்தில் எல்லாவற்றையும்விட ஒரு சாண் உயரமாக நின்றது.

பார்லரில் பிறந்த பெயர்கள் பார்லர் மாதிரிதானே இருக்கும். செம்பட்டை, சுருட்டை, நரைச்சி, பின்னல் என்று நாலுக்கும் தலைமுடியை வைத்தே பேர். உயரமானதுக்கு மட்டும் நெட்டச்சி. அது பள்ளிக்கூடத்தில் பார்லர்க்காரியை மற்றப் பெண்கள் கூப்பிட்ட பேர். அப்போது அழுதிருக்கிறாள். இப்போது அவளே ஆசையாக எடுத்து வைத்தாள்.

ஐந்தாம் மாதம் முடிகிற சமயம் கொல்லையில் ஏதோ மாறத் தொடங்கியது. வெளிறிக் கிடந்த கொண்டைகள் சிவந்தன. செம்பட்டை காரணமில்லாமல் மூலை மூலையாகப் போய் நின்று, தலையைச் சாய்த்து, ஏதோ வாடகைக்கு வீடு பார்க்க வந்தவள் மாதிரி எட்டிப் பார்த்தாள். முதுகில் கை வைத்தால் சுருட்டை அப்படியே காலை மடக்கி, இறக்கையை விரித்துப் பம்மினாள். தீவனக் கடைக்காரரிடம் விசாரித்தபோது, முட்டை விடப்போகிற வெடக்கோழி அப்படித்தான் பம்மும், இன்னும் பத்துப் பதினைந்து நாள்தான் என்றார். பார்லர்க்காரிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. விரிசல் விட்ட பழைய தலைகழுவும் தொட்டியைக் கொல்லைக்குக் கொண்டுபோய், வெட்டின முடியைப் போட்டு மெத்தை பண்ணலாமா என்று யோசித்து, டீச்சர் முறைத்த முறைப்பில் வைக்கோலையே போட்டாள்.

நெட்டச்சி மட்டும் பம்மவில்லை. முதுகில் கை வைத்தால் திரும்பிக் கொத்தியது. கொண்டை மற்ற நாலையும் சேர்த்தாலும் ஈடாகாத அளவுக்கு வளர்ந்து, ரத்தச் சிவப்பாக நிமிர்ந்து நின்றது. நடையும் அதட்டலுமாகக் கொல்லையே அதுக்கு எழுதி வைத்த மாதிரி திரிந்தது. இது சேவல்தான், எனக்கு அன்னைக்கே சந்தேகம் என்றான் டிரைவர்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பக்கத்து வீட்டில் ஒரு நர்ஸ். பிரசவ வார்டில் ராத்திரி வேலை. காலை எட்டு மணிக்கு வந்து படுத்தால் மதியம் இரண்டு மணி வரை தூங்கியாக வேண்டும். ஒரு சனிக்கிழமை கண்ணெல்லாம் வீங்கி வந்து நின்றாள். நாலு நாளாகச் சேவல் கூவுகிறது, ஒன்பது மணி ஆனால் ஆரம்பிக்கிறது, பொட்டுத் தூக்கம் இல்லை, நேற்று ஒரு ஊசியை மாற்றிப் போட இருந்தேன் என்று சொன்னாள். சண்டை போடுகிற குரலில் சொல்லவில்லை. கெஞ்சுகிற குரலில் சொன்னாள். அதுதான் வம்பாகப் போயிற்று. டிரைவருக்குக் கால் முறிந்து மூன்று மாதம் படுக்கையில் கிடந்தபோது, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் தினமும் வந்து கட்டுப் பார்த்துவிட்டுப் போனவள் இந்த நர்ஸ்தான். அவளிடம் எந்த வாயை வைத்துக்கொண்டு முடியாது என்பது? அடுத்த சனிக்கிழமைக்குள் அதை அனுப்பிவிடுகிறேன் என்று டிரைவர் வாக்குக் கொடுத்துவிட்டான். கறிக்கடைக்காரரிடமும் சொல்லிவிட்டு வந்தான்.

பார்லர்க்காரி அந்தக் கூவலை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. எப்படிக் கேட்கும்? காலை ஒன்பதிலிருந்து காதுக்குப் பக்கத்தில் டிரையர் இரைகிறது. நான் கேட்காத கூவலுக்கு என் கோழியை அறுக்கக் கொடுப்பீங்களா என்று கேட்டாள். கொண்டையைப் பார், உசரத்தைப் பார், திமிரைப் பார் என்று டிரைவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனான். அவளுக்குச் சுருக்கென்றது.

"உசரமா இருந்தா ஆம்பளையா? கொண்டை பெருசா இருந்தா சேவலா? இந்த ரூமுக்குள்ள நான் எத்தனை விதமான பொம்பளைங்களைப் பாத்திருக்கேன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டாள். பார்லர் கதவு சாத்தினால் உள்ளே நடந்தது உள்ளேயே. யார் நரையை மறைக்கிறார்கள், யாருக்குத் தாடையில் முடி முளைக்கிறது, யார் மாதம் தவறாமல் மேலுதட்டு மீசையை எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்பது அவளுக்கும் அவள் நூலுக்கும் மட்டும் தெரியும். அந்த நூலை ஒரு முனை பல்லிலும் மறுமுனை விரலிலும் பிடித்துத்தான் முடி எடுப்பாள். வாயில் நூல் இருக்கிற தொழிலுக்கு வாய் அடக்கமும் வேண்டும் என்பாள்.

நாத்தனார் நடுவில் நின்றாள். அவளுக்கு இரண்டு பக்கமும் சாய்வு கிடையாது, கணக்குத்தான். முட்டை போட்டால் பெட்டை, சனிக்கிழமைக்குள் நிரூபித்துவிடு, நானே அவனைத் தடுக்கிறேன் என்றாள்.

திங்கட்கிழமை காலை, டிரையரை அணைத்துவிட்டு ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு வலது புருவம் முடித்து இடதைத் தொடப்போன நேரம், கொல்லையில் கோழிகள் கேறுகிற சத்தம் கேட்டது. பார்லர்க்காரி அவளை ஒற்றைப் புருவத்தோடு விட்டுவிட்டு ஓடினாள். தொட்டிக்குள், வைக்கோல் நடுவில், ஒரு முட்டை. எலுமிச்சம்பழத்தைவிடச் சின்னது. தவிட்டு நிறம். கையில் எடுத்தால் உள்ளங்கை முழுக்கச் சூடு. ஐந்து மாதம் தவிடும் தானியமும் கீரைத் தண்டும் தின்றதெல்லாம் எப்படி இப்படி ஒரு மூடின உருண்டையாகி வெளியே வருகிறது என்று அவள் வாயைப் பிளந்து நின்றாள். எத்தனையோ ஆயிரம் முட்டை உடைத்திருக்கிறாள், தலைக்கும் தேய்த்திருக்கிறாள், இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. ஐந்து கோழிகளும் சுற்றி நின்று, எனக்கு ஒன்றும் தெரியாது என்கிற முகத்தோடு பார்த்தன.

சாயங்காலம் அவள் அது நெட்டச்சி போட்டதுதான் என்று அடித்துப் பேசினாள். எப்படித் தெரியும் என்றாள் டீச்சர். முகத்தைப் பாத்தாலே தெரியுது அண்ணி என்றாள். அதெல்லாம் நிரூபணம் ஆகாது என்றாள் டீச்சர். சரி, நெட்டச்சியைத் தனியாக அடைத்து வைத்துப் பார்ப்போம் என்று செவ்வாய்க்கிழமை ஒரு பெரிய கூடைக்கடியில் போட்டார்கள். அது காலை முழுக்க அலறின அலறலில், போட இருந்த முட்டையும் உள்ளேயே ஒட்டிப்போயிருக்கும். பத்து மணிக்கு நர்ஸ் தலையணையைக் காதில் அமுக்கியபடி ஜன்னலுக்கு வந்து நின்றாள். பார்லர்க்காரி கூடையைத் தூக்கிவிட்டாள்.

அன்று மதியம்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. தொழில்காரி மூளை தொழில் வழியாகத்தானே ஓடும். லிப்ஸ்டிக் போட்ட வாயால் டம்ளரில் தண்ணீர் குடித்தால் விளிம்பில் அடையாளம் விழுகிறது. கோழிக்கு முட்டை வருகிற இடத்தில் ஆளுக்கொரு நிறத்தில் பூசிவிட்டால், எந்த முட்டை எந்தக் கோழியுடையது என்று முட்டையே சொல்லிவிடாதா?

டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தான். டீச்சர் சிரிக்கவில்லை. நல்ல முறை என்று சொல்லி, ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். முதல் முட்டைகளில் சில சமயம் ரத்தக் கீற்று இருக்குமாம், அதனால் சிவப்பு எதுவும் கூடாது. பார்லர் அலமாரியில் நாற்பது லிப்ஸ்டிக் இருந்தது, அதில் முப்பத்தைந்து சிவப்பு. மிச்சத்தில் பிரித்துக் கொடுத்தாள். செம்பட்டைக்குக் கத்திரிப்பூ நிறம், சுருட்டைக்கு ஆரஞ்சு, நரைச்சிக்குத் தங்க மினுக்கு, பின்னலுக்குக் காப்பி. நெட்டச்சிக்கு மட்டும், கல்யாணப் பெண்களுக்கென்று பூட்டி வைத்திருக்கிற உசத்தி ரகத்திலிருந்து நாவற்பழ நிறம். காலையில் பூசினால் ராத்திரி சாப்பாடு முடிந்தும் அப்படியே நிற்கும். தன் செல்லத்துக்கு மட்டமானதைப் பூச அவளுக்கு மனசு வரவில்லை. மறுநாள் காலை வரை அழியாமல் நிற்க வேண்டுமே என்றும் நினைத்தாள்.

இருட்டுவதற்கு முன், தூக்கக் கலக்கத்தில் இருந்த கோழிகளை ஒவ்வொன்றாக மடியில் போட்டுக்கொண்டாள். லிப்ஸ்டிக்கைத் துளி சுரண்டித் தட்டில் வைத்து, வாலைத் தூக்கிப் பிடித்து, பழைய பிரஷால் சுற்றிலும் ஒரு வட்டம். மணப்பெண்ணுக்குப் போடுகிற அதே கவனத்தோடு போட்டாள். நெட்டச்சி ஒரு கொத்துக் கொத்திவிட்டு அடங்கியது.

புதன்கிழமை இரண்டு முட்டை. ஒன்றில் கத்திரிப்பூக் கீற்று பளிச்சென்று இருந்தது. மூன்று பேரும் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். சிரித்த டிரைவரே கையில் வாங்கி, அட, வேலை செய்யுதே என்றான். இன்னொன்று வெறும் முட்டை. ஒரு அடையாளமும் இல்லை. வியாழக்கிழமை ஆரஞ்சு ஒன்று, தங்கம் ஒன்று, வெறும் முட்டை ஒன்று. அந்த இரண்டு நாளும் பார்லர்க்காரியின் மூக்கு கொல்லைப்பக்க ஜன்னல் கண்ணாடியில்தான் ஒட்டியிருந்தது. யார் யார் எப்போது தொட்டிக்குள் போகிறார்கள், எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள், ஏன் ஒருத்தி உட்கார்ந்தால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்கிறாள், இதெல்லாம் தெரிந்துகொள்ள அவளுக்குப் பித்தே பிடித்துவிட்டது. நெட்டச்சியும் தொட்டிக்குள் போனது. போனதை அவள் கண்ணால் பார்த்தாள். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் மற்றவர்களும் போனார்கள். ஒரு தலைக்கு டை அடித்து அலசிவிட்டு வந்து பார்த்தால், எது யாருடையது என்று யார் சொல்வது?

நாவற்பழ நிறம் வரவே இல்லை.

டீச்சர் வியாழன் சாயங்காலம் ஒரு சோதனை செய்தாள். காப்பி நிற லிப்ஸ்டிக்கை ஒரு முட்டையில் இழுத்துப் பார்த்தாள். தவிட்டு நிற ஓட்டில் காப்பிக் கோடு கண்ணுக்கே தெரியவில்லை. அவ்வளவுதான், கணக்கு முடிந்தது என்றாள். அடையாளம் இல்லாத முட்டை பின்னலுடையது. நாலு பெட்டைக்கும் முட்டை சரியாகிவிட்டது. ஐந்தாவதுக்கு ஒன்றும் மிச்சம் இல்லை. தம்பி பொண்டாட்டியின் முகம் போன போக்கைப் பார்த்து, அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மாடிக்குப் போனாள். டீச்சர் அப்படித் தட்டுவது லேசில் நடக்காது. அந்தத் தட்டில்தான் பார்லர்க்காரிக்கு அழுகையே வந்தது.

அன்று அவள் சாப்பிடவில்லை. டிரைவரும் சரியாகச் சாப்பிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அவனும் கல் நெஞ்சுக்காரன் இல்லை. வாக்குக் கொடுத்துவிட்டேனே என்று இரண்டு தடவை சொன்னான். வாக்கு உங்களோடது, உயிர் அதோடது என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு நர்ஸ் பார்லருக்கு வந்தாள். மாதா மாதம் வருகிறவள்தான். கதவைச் சாத்தி, திரைச்சீலையை இழுத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து மேலுதட்டை நீட்டினாள். பார்லர்க்காரி நூலை எடுத்தாள். இன்று கொஞ்சம் வலிக்க இழுத்தால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. பொய் சொல்வானேன், வந்தது. ஆனால் கை கேட்கவில்லை. வழக்கம்போல் பூப்போல எடுத்துவிட்டு, ஐஸ் வைத்து ஒத்திவிட்டாள்.

அன்று வார்டில் மூத்த நர்ஸ் ஒருத்திக்குப் பிரிவு உபசாரம், போட்டோ எடுப்பார்கள். முகத்துக்கு ஏதாவது லேசாகப் போட்டுவிடச் சொன்னாள் நர்ஸ். கோபம் கோபமாக இருந்தாலும் வந்தவளுக்கு உசத்தியானதைத்தானே போட வேண்டும்? பூட்டைத் திறந்து அந்த நாவற்பழ நிறத்தைத் துளி சுரண்டிப் போட்டுவிட்டாள். பிறகு டீ கொண்டுவந்து கொடுத்தாள். நர்ஸ் குடித்து முடித்து, கப்பைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிச் சுற்றிப் பார்த்தாள்.

"பரவாயில்லையே. கப்புல துளிகூட ஒட்டலையே," என்றாள்.

பார்லர்க்காரி அந்தக் கப்பை வாங்கினாள். விளிம்பை விரலால் தடவினாள். திருப்பித் தடவினாள். வெள்ளைக் கப்பு கழுவி வைத்த மாதிரி இருந்தது. ஒட்டவே ஒட்டாது! தாலி கட்டும்போதும் சாப்பிடும்போதும் அழும்போதும் எதிலும் ஒட்டாது என்றுதானே அந்த ரகத்தைக் கல்யாணப் பெண்களுக்கு வைத்திருக்கிறாள்? எத்தனை பேரிடம் அவளே அளந்திருக்கிறாள்? அதைப்போய் அடையாளம் ஒட்ட வேண்டிய இடத்தில், ஆசை ஆசையாக, மூன்று நாள் பூசி வைத்திருக்கிறாள். ஊரில் வேறு எவளாவது இப்படி ஒரு மடத்தனம் பண்ணுவாளா? மட்டமான லிப்ஸ்டிக்கைப் பூசியிருந்தால் புதன்கிழமையே நெட்டச்சி தப்பித்திருக்கும். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணாடியைப் பார்த்து, இந்த நிறம் தனக்கு ரொம்ப அழுத்தம் என்று சொல்லித் துடைக்கச் சொன்னாள். கைப்பையிலிருந்து தன்னுடையதை எடுத்துப் பூசிக்கொண்டாள். பளீரென்ற ராணிக் கலர். பார்லர்க்காரி மறுபடி ஊற்றிக் கொடுத்த டீயை உறிஞ்சினாள், கப்பின் விளிம்பில் உதடு முழுசாக அச்சு விழுந்தது. அந்த அச்சைப் பார்த்தபோது பார்லர்க்காரிக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது?

"சிஸ்டர், இதுல ஒரு துளி சுரண்டிக்கட்டுமா? இந்தக் கலர் என்கிட்ட இல்ல," என்றாள்.

எடுத்துக்கோயேன், அதுக்கென்ன என்றாள் நர்ஸ். அந்த இருட்டுகிற நேரத்தில் அது யாருக்குப் பூசப்பட்டது, எங்கே பூசப்பட்டது என்பது அவளுக்குத் தெரியாது. எண்ணெயும் பஞ்சும் வைத்துப் பழையதைத் துடைத்து எடுக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. உசத்தி ரகம் அல்லவா?

சனிக்கிழமை. பஸ்ஸும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. பார்லர்க்காரி கதவில் இன்று விடுமுறை என்று எழுதித் தொங்கவிட்டாள். இருபது வருஷத்தில் அப்படி ஒரு சனிக்கிழமை அந்தக் கதவு கண்டதில்லை. கொல்லை வாசலில் மூன்று நாற்காலி போட்டு மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அவள் டீச்சரிடம் கப்புக் கதையைச் சொன்னாள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, அப்படியானால் முந்தாநாள் போட்ட கணக்கு தப்பாக இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டாள். ஆனால் இருக்கலாம் என்பது போதாது, முட்டை வரட்டும் என்றாள். புதிதாகப் போட ஆரம்பித்த கோழி தினமும் போடாது, ஒரு நாள் விட்டு ஒரு நாள்கூடப் போடும் என்று தீவனக் கடைக்காரர் சொன்னது பார்லர்க்காரிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

எட்டரைக்குச் செம்பட்டை போனாள், வந்தாள். ஒன்பதேகாலுக்குச் சுருட்டை. பத்து மணிக்குக் கறிக்கடைக்காரர் மூடி போட்ட கூடையோடு வந்து, இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்றதும் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார். நீங்க சொல்லுங்க, இது சேவலா பெட்டையா என்று டிரைவர் அவரைக் கேட்டான். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, நமக்கு வர்றதெல்லாம் பண்ணைக் கோழி, ஒரே அச்சு, இதெல்லாம் நமக்குத் தெரியாதுங்க என்றார். அவரும் டீ வாங்கிக் குடித்துக்கொண்டு கொல்லையையே பார்க்க ஆரம்பித்தார்.

பத்தேமுக்காலுக்கு நெட்டச்சி தொட்டி ஓரத்தில் ஏறி நின்றது. உள்ளே பார்த்தது. இறங்கிப் போய் ஒரு புழுவைக் கிளறியது. மறுபடி ஏறியது. இறங்கி ஒரு சுற்றுச் சுற்றியது. போயேன்டி என்று பார்லர்க்காரி பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள். கடைசியில் அது உள்ளே இறங்கி, வைக்கோலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தது. நிமிர்ந்த கொண்டை மட்டும் வெளியே தெரிந்தது. கறிக்கடைக்காரர்கூட டீயை உறிஞ்சாமல் பிடித்துக்கொண்டிருந்தார். ஆண் பெண் நாலு பேர், ஒரு சிவப்புக் கொண்டையை இருபத்தைந்து நிமிஷம் வைத்த கண் வாங்காமல் பார்த்தார்கள்.

கொண்டை எழுந்தது. நெட்டச்சி வெளியே குதித்து, உடம்பை ஒரு உதறு உதறிவிட்டுப் போனது. டீச்சர்தான் போனாள். குனிந்து மூன்று முட்டைகளை எடுத்து, முந்தானையில் வைத்துக் கொண்டுவந்தாள். ஒன்றில் கத்திரிப்பூ. ஒன்றில் ஆரஞ்சு. மூன்றாவதில், பாதி முட்டையைச் சுற்றி அடித்து விட்ட மாதிரி, ராணிக் கலர்.

"பெட்டைதான். நிரூபணம் ஆயிடுச்சு," என்றாள் டீச்சர்.

டிரைவர் அந்த முட்டையை வாங்கி, இரண்டு கையிலும் மூடி வைத்துக்கொண்டான். அவன் முகத்தில் ஒரு வாரப் பாரம் இறங்கியது தெரிந்தது. பார்லர்க்காரி தன் கனத்த குரலில் ஓவென்று அழுதாள். வெட்கமில்லாமல் அழுதாள். அந்த நேரம் பார்த்தா அது நடக்க வேண்டும்? நெட்டச்சி மதில் மேல் ஏறி, கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, ஒரு கூவல் கூவியது. கேறல் இல்லை, கொக்கரிப்பு இல்லை. அசல் சேவல் கூவல். தெருவே திரும்பிப் பார்க்கும்படி, மூச்சுப் பிடித்து, ஒன்றுக்கு மூன்று தடவை.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. நர்ஸ் கலைந்த தலையோடு மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். டிரைவர் முட்டையை நீட்டினான். பெட்டைதான் சிஸ்டர், ஆனா கூவுது, என்ன பண்றதுன்னு தெரியல என்று தடுமாறினான். நர்ஸ் முட்டையை வாங்கி, கைக்குக் கை மாற்றி, சுற்றிப் பார்த்தாள்.

"இது என் லிப்ஸ்டிக் மாதிரி இருக்கே?"

உங்களுதுதான் சிஸ்டர் என்றாள் பார்லர்க்காரி அழுகைக்கு நடுவில். எங்கே எப்படிப் பூசினாள் என்று டீச்சர் சுருக்கமாக, ஒன்றுவிடாமல் விளக்கினாள். கறிக்கடைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நர்ஸ் முட்டையைப் பார்த்தாள், கோழியைப் பார்த்தாள். அந்த நிமிர்ந்த கொண்டையை ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் சிரித்தாளே ஒரு சிரிப்பு, மதிலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர.

"மாசாமாசம் கதவைச் சாத்திக்கிட்டு மீசை எடுத்துட்டுப் போறவ நான். நான் போய் இவளைச் சேவல்னு சொன்னேன் பாரு," என்றாள். இரண்டு ஆண்பிள்ளைகள் நிற்கிறார்கள் என்றும் பார்க்காமல், சத்தமாகவே சொன்னாள்.

பார்லர்க்காரி பதறிப்போய் மதிலண்டை ஓடினாள். பதினோரு வருஷமாக அவள் கட்டிக் காத்த ரகசியம் அது. நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். முட்டையைத் திருப்பி அந்தக் கையில் வைத்தாள். மதில் மேலே நெட்டச்சி மறுபடி கழுத்தை நீட்டியது. டிரைவர் அதைப் பிடிக்க எழுந்தான்.

"விடுங்க. பிரசவ வார்டுல நான் கேக்காத சத்தமா? பெத்தவ கத்துறா, கத்தட்டும்," என்று சொல்லிவிட்டு, நர்ஸ் உள்ளே போய்க் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படுத்தாள்.